குளிர் பட்டால் தடிக்கும் தோல்

பனிக்கட்டியை மெல்லிய உறையிலிட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கிறார் மருத்துவர். அடுத்த பத்து நிமிடங்களில் அந்த இடம் தடித்து அரித்தால், அது குளிரால் வரும் காணாக்கடி. கை முழுக்க ஓடுவது ஒரே ரத்தம், உண்டதும் ஒரே உணவு. தடிப்போ குளிர் பட்ட இடத்தில் மட்டும். ஆகவே இந்த வகைக்குக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் குற்றம் சாட்டிப் பத்தியம் இருப்பது வீண் என்பேன். நகக்கீறல், இறுகிய பாவாடை நாடா, வெயில், அதிர்வு ஆகியவற்றால் எழும் தடிப்புகளும் இதே குடும்பம்தான்.

கோளாறு இருப்பது தோலின் ரத்த நுண்குழாய்களை ஒட்டியுள்ள மாஸ்ட் செல்களில். 1878இல் பால் எர்லிக் பெயரிட்ட இந்தச் செல்களுக்குள் ஹிஸ்டமின் நிறைந்த துகள்கள் உண்டு. அது வெளியே கொட்டினால் நுண்குழாய்கள் விரிந்து நீர் கசியும், தோல் தடிக்கும். நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிக்கும். இந்நோயாளிகளின் கையைக் குளிர்நீரில் அமிழ்த்தி, அதே கையின் சிரை ரத்தத்தைச் சோதித்தபோது சில நிமிடங்களில் ஹிஸ்டமின் ஏறியிருந்தது. அதிர்வால் தடிக்கும் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், மாஸ்ட் செல்லின் மேற்பரப்புப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பதை 2016இல் கண்டறிந்தனர். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத தூண்டல் இவர்களின் செல்லைத் திறந்துவிடுகிறது.

ஹிஸ்டமின்தான் காரணமென்றால் அதைத் தடுக்கும் மாத்திரை போட்டும் சிலருக்கு ஏன் அடங்குவதில்லை? நியாயமான கேள்வி. தடிப்பு எழுந்தபின் போடும் மாத்திரை, ஏற்கெனவே ஏற்பிகளில் ஒட்டிவிட்ட ஹிஸ்டமினைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தினமும் தவறாமல் போட்டால்தான் அது முந்திக்கொள்ளும். வழக்கமான அளவு போதாதபோது, தூக்கம் அதிகம் தராத புதிய மருந்துகளை நான்கு மடங்கு வரை உயர்த்தச் சர்வதேச வழிகாட்டுதல் இடம் தருகிறது. அந்த முடிவு மருத்துவருடையது. புரோஸ்டாகிளாண்டின், லியூகோட்ரையீன் போன்ற வேறு பொருட்களும் மாஸ்ட் செல்லிலிருந்து வருவதால், ஹிஸ்டமினை மட்டும் தடுப்பது எல்லாருக்கும் போதாது. அப்போது ஒமலிசுமாப் ஊசி பலருக்குக் கைகொடுக்கிறது. ஸ்டீராய்டு வேகமாக அடக்குகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடிய நோய்க்கு, எலும்பைத் தேய்த்துச் சர்க்கரையை ஏற்றும் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளிரால் தடிப்பு வருகிறவர்கள் குளத்திலோ அருவியிலோ திடீரென முழு உடலையும் நனைக்காதீர்கள். உடலெங்கும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டினால் ரத்த அழுத்தம் சரிந்து நீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.