முயல் காட்டிக்கொடுக்கும் மூளை ரகசியம்! தெரியுமா?

ஆம்பூர் பிரியாணிக்குத் தக்காளி ஏன் அவ்வளவு ருசி தருகிறது, தெரியுமா? அதிலுள்ள குளூட்டமேட்! அதே மூலக்கூறுதான் உங்கள் மூளையிலும் செய்தி சுமக்கிறது. ஒரு நரம்பணு அதை வெளிவிட, அடுத்த நரம்பணுவின் மேல் இருக்கும் ஏற்பிப் புரதம் பிடித்துக்கொள்ளும். நாம் கற்பதும் நினைவில் வைப்பதும் இதை நம்பித்தான்!

அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் எப்படித் தேடுகிறார்கள்? ஏற்பியின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி போடுவார்கள். வேற்றுப் பொருள் வந்துவிட்டதென்று முயலின் உடல் அதற்கென்றே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும். எலி மூளைப் புரதங்கள் ஒட்டிய மெல்லிய தாளில் அதை விட்டால், ஆயிரக்கணக்கான புரதங்களைத் தாண்டிப்போய்த் தனக்குரியதைக் கவ்வும்! கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, தாளை முதலில் ஊறவைப்பது எதில் தெரியுமா? பெரும்பாலும் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைசலில்! முயல் ஆன்டிபாடி உட்கார்ந்த இடத்தைக் காட்டுவது, பல நேரங்களில், ஆட்டு ரத்தத்திலிருந்து எடுத்த இன்னொரு ஆன்டிபாடி. ஆட்டுத் தோலுக்குப் பேர்போன ஆம்பூர்க்காரர்களே, ஆட்டின் இந்தப் பெருமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

இன்னும் கேளுங்கள். குளூஆர்3 என்ற ஏற்பியின் புரதத்தை ஊசியாகப் பெற்ற சில முயல்களுக்கு வலிப்பே வந்துவிட்டது! 1994-ல் வெளியான ஆய்வு இது.

மனித உடலே தன் மூளைக்கு எதிராக இப்படி ஆன்டிபாடி செய்தால்? செய்கிறதே! 2007-ல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டல்மாவின் குழு, மனம் பேதலித்து வலிப்பும் வந்த 12 பெண்களிடம், என்.எம்.டி.ஏ. என்ற குளூட்டமேட் ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடியைக் கண்டது. பெரும்பாலோருக்குச் சினைப்பையில் கட்டி. முடியும் பல்லும்கூட முளைக்கக்கூடிய அந்த வகைக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அதை எதிர்க்கக் கிளம்பிய ஆன்டிபாடி மூளையையே தாக்குகிறது! 2011-ல் இறந்த பெர்லின் பனிக்கரடி க்னூட்டுக்கும் இதே நோய்தான் என்று 2015-ல் தெரியவந்தது!

இதற்கான பரிசோதனை அழகோ அழகு. ஏற்பியைச் சுமக்கும் செல்களின் மேல் நோயாளியின் முதுகுத்தண்டு நீரைச் சொட்டு விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் நுண்ணோக்கியில் செல்கள் பச்சையாக ஒளிரும்!

மூளையோடும் ஆன்டிபாடியோடும் நம் பக்கத்து வேலூருக்குப் பழைய உறவு உண்டு. நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான். 1986-ல் மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலேறி வந்து, இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரிந்ததும் இங்கேதான். அன்று தேடியதும் கிருமியை அல்ல, ஆன்டிபாடியை!

மூளையைத் தாக்கும் அந்த ஆன்டிபாடி நோய்க்குச் சிகிச்சை உண்டு. 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், பத்தில் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்கு தேறியிருந்தார்கள். ஆகவே, வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ சில நாட்களுக்குள் குணம் மாறி, உளறி, வலிப்பும் வந்தால், காற்று கருப்பு என்று மந்திரிக்க அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் உடனே கூட்டிப்போங்கள். ஆன்டிபாடி டெஸ்ட் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.