எருமையின் ரத்தத்தில் தாது உப்பு: கன்று முதல் கறவை வரை

கன்று போட்ட மறுநாள் எருமை எழவில்லை. தலையை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே தின்னுச்சு" என்பார் வளர்ப்பவர். உண்மைதான். தாது உப்புக் குறை முன்பே உள்ளே இருந்திருக்கலாம். வெளியே தெரிந்தது இன்றுதான்.

ரத்தமும் எலும்பும்

100 மில்லி ரத்த நீரில் கால்சியம் சுமார் 8 முதல் 12 மில்லிகிராம் இருக்க வேண்டும். தீனியில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து உடல் ஈடுகட்டும். அதனால் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கலாம்.

கன்று, கிடாரி

எலும்பு வளரும் கன்றுக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் பெரிய மாட்டைவிடக் கூடுதலாக இருக்கும். கிடாரிக்குப் பாஸ்பரஸ், செம்பு, துத்தநாகம் குறைந்தால் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். எருமைக்கு ஊமைச் சினைப்பருவம் (வெளியே அறிகுறி தெரியாத பருவம்) இயல்பிலேயே உண்டு என்பதால் இது இரட்டிப்பு இழப்பு.

ஈற்று நேரம்

எருமையின் ரத்தத்தில் ஓடும் மொத்தக் கால்சியம் இரண்டு, மூன்று கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலிலேயே ஏறக்குறைய இரண்டு கிராம் போய்விடும். எலும்பு உடனே ஈடுகொடுக்காவிட்டால், தொடக்கத்தில் சொன்னதுபோல் எருமையைப் படுக்கவைக்கும் பால் காய்ச்சல் வரும். சினையின் கடைசி மூன்று வாரத்தில் கால்சியம் டானிக்கை அளவில்லாமல் ஊற்றினால், எலும்பிலிருந்து எடுக்கும் திறன் மந்தமாகி ஆபத்து கூடும்.

கறவையில்

ஈன்று சில வாரங்களில் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் பாஸ்பரஸ் குறைந்து ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

சென்னையை அடுத்த ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம் பக்கம் மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டது. வைக்கோலை மட்டும் நம்பினால் பாஸ்பரஸ் போதாது. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தையும் பிடித்துவைக்கும். தவிடு, புண்ணாக்கு, பசுந்தீவனத்தோடு பெரிய எருமைக்குத் தினம் சுமார் 50 கிராம், கன்றுக்கு 20 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். சினை, கறவைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இக்கலவையைத் தயாரிக்கிறது. பொத்தேரியை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மாடு விழுந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள். கால்சியத்தை ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். அதை மருத்துவர்தான் போட வேண்டும். ஈன்ற முதல் மூன்று நாள் காலையிலும் மாலையிலும் காதைத் தொட்டுப் பாருங்கள்.