மண்ணுக்குள் ஒரு காவல்காரன்

லயத்துக்குப் பின்னால் கிடக்கும் அந்தச் சின்னத் துண்டு நிலத்தின் அருமை தோட்டத்துக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, பொழுது சாயும் முன் அரை மணி நேரம் அதில் குனிந்து வேலை செய்தால் வீட்டுக் கறிக்கு ஆச்சு. மிஞ்சியதை விற்றால் பிள்ளைகளின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் ஆச்சு. ஆனால் அந்த நிலத்தில் நோய் விழுந்தால், விதைக்கும் பசளைக்கும் போட்ட காசு அவ்வளவும் மண்ணோடு போய்விடுகிறது.

"நேத்து நல்லாத்தான் நின்னுச்சு, இன்னைக்குக் காலையில பார்த்தா நாத்தெல்லாம் சாஞ்சு கிடக்கு" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உடனே கடைக்குப் போய் ஒரு மருந்தை வாங்கி அடிக்கிறோம். சாய்ந்த நாற்று எழும்புவதில்லை. காரணம், நோய் இலையில் இல்லை. அது மண்ணுக்குள் இருக்கிறது. அதைத் தடுக்கும் வழியும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை சொல்லப் போகிறோம்.

மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஒரு பிடி நல்ல மண்ணை எடுத்துப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரிவது மண்ணும் இரண்டொரு புழுவும்தான். ஆனால் அந்த ஒரு பிடிக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் பக்டீரியா உண்டு, பூஞ்சணம் எனப்படும் பங்கசும் உண்டு. பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. குப்பையை மக்க வைத்துச் செடிக்கு உணவாக்குபவையும் அவைதான். ஒரு சிலதான் வேரைத் தின்று நோய் உண்டாக்குபவை.

நல்லவை நிறைய இருக்கும் மண்ணில் கெட்டவைக்கு இடமும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. மக்கிய எரு போடாமல், ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப நட்டு, கண்டபடி மருந்து ஊற்றினால் நல்லவை குறைந்து போகும். அப்போது கெட்டவை பெருகும்.

ட்ரைக்கோடெர்மா என்பது என்ன?

நல்லவற்றில் ஒன்றின் பெயர்தான் ட்ரைக்கோடெர்மா. பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் புதிதல்ல. மக்கும் மரக்கட்டையிலும் இலைக் குப்பையிலும் பச்சை நிறத்தில் படரும் ஒரு வகைப் பங்கசு அது. 1932ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் வைன்ட்லிங் என்ற ஆராய்ச்சியாளர், இந்தப் பங்கசு மண்ணிலுள்ள மற்ற நோய்ப் பங்கசுகளைப் பிடித்துத் தின்கிறது என்று எழுதி வைத்தார்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். முதலாவது, வேகமாக வளர்ந்து வேரைச் சுற்றியுள்ள இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, நோய்ப் பங்கசின் நூல் போன்ற உடலைக் கொடி மாதிரிச் சுற்றி, அதன் தோலைக் கரைத்து உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. மூன்றாவது, செடியின் வேரோடு சேர்ந்திருந்து, நோயை எதிர்க்கும் சக்தியைச் செடிக்குள்ளேயே தூண்டிவிடுகிறது. சூடோமோனாஸ், பசிலஸ் என்ற பக்டீரியாக்களில் சில வகைகளும் இப்படியான வேலையைச் செய்கின்றன.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இது வைத்தியர் இல்லை, காவல்காரன். திருடன் வந்து போன பிறகு காவல் வைத்துப் பயனில்லை. விதை போடும்போதும் நாற்று நடும்போதும்தான் இதைப் போட வேண்டும்.

எப்படிப் போடுவது?

இது தூளாகவும் திரவமாகவும் விற்பனைக்கு வருகிறது. தூளைச் சும்மா மண்ணில் தூவினால் போதாது. அதுவும் ஓர் உயிர்தானே, அதற்குச் சாப்பாடு வேண்டும். நன்றாக மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெருதான் அதன் சாப்பாடு.

10 கிலோ மக்கிய எருவுக்கு 100 கிராம் தூள் என்ற அளவில் கலந்துகொள்ளுங்கள். பக்கெட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான பதம். நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அது எரு முழுவதும் பரவிவிடும்.

அந்த எருவை நாற்று மேடையின் மேல் மண்ணோடு கலந்து விதை போடுங்கள். பிறகு நாற்றைப் பிடுங்கி நடும்போது குழிக்கு ஒரு பிடி போடுங்கள். வைக்கோல் போட்டு மேடையைச் சுடுகிறவர்கள், மண் நன்றாக ஆறிய பிறகு போட வேண்டும். சுட்ட மேடை காலியான வீடு மாதிரி. முதலில் குடிவருவது நம் ஆளாக இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

பக்கெட்டில் உள்ள திகதியைப் பார்த்து வாங்குங்கள். உயிர் செத்துப்போன தூள் வெறும் மாவுதான். தகரக் கூரைக்கு அடியில் வெயில் சூட்டில் வைக்காமல், குளிர்ச்சியான, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பங்கசு கொல்லி மருந்தோடு இதைக் கலக்கவே கூடாது. மருந்து அடித்திருந்தால் இரண்டு வாரமாவது விட்டுப் போடுங்கள். தூளைக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடி, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

மேடையில் தண்ணீர் தேங்கினாலும், நாற்று நெருக்கமாக நின்றாலும் எந்தக் காவல்காரனாலும் காப்பாற்ற முடியாது. கான் வெட்டித் தண்ணீரை வடிய விடுங்கள். விதையை ஐதாகப் போடுங்கள்.

இதனால் ஆகாதவை

எல்லாம் தீரும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். உருளைக்கிழங்கு, தக்காளி, கறிமிளகாய்ச் செடிகள் பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால், தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால் போல வெள்ளையாக ஒழுகினால் அது பக்டீரியா வாடல். அந்தச் செடியைக் குணமாக்க முடியாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்த போகங்களில் அந்த இடத்தில் இந்தக் குடும்பப் பயிர்களை விட்டு லீக்ஸ், கரட், போஞ்சி என்று மாற்றுங்கள்.

கோவா, நோக்கோல் வேர்கள் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தால் அது வேறு நோய். புளிப்பு மண்ணில்தான் அது அதிகம் வரும், வந்தால் பல வருடம் மண்ணில் தங்கும். அதற்குச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைப்பதும் பயிரை மாற்றுவதுமே முதல் வேலை. எவ்வளவு சுண்ணாம்பு என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மலையிலும் இதே பாடம்

தேயிலையில் வரும் செவ்வேர் நோயை, அதாவது போரியாவை, பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு செடி காய்ந்து, பிறகு பக்கத்துச் செடிகளும் காய்ந்து, வட்டமாகப் பரவும். வேர் வேரைத் தொடுவதால் பரவும் நோய் அது. நோயுள்ள வேர்களை ஒன்று விடாமல் தோண்டி எடுத்து எரிப்பதற்குப் பதிலாக எந்த நுண்ணுயிரையும் போட்டுத் தப்ப முடியாது.

ஆனால் பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் கௌதமாலா புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து வெட்டிப் போடுகிறார்களே, அது எதற்கு? மண்ணுக்கு மறுபடியும் மக்கு சேர்த்து, அதன் உயிரை மீட்கத்தான். மலைக்கு இரண்டு வருடம் தேவைப்படும் என்றால், நம் துண்டு நிலத்துக்கும் பொறுமை வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது விளைச்சல் குறைந்து விவசாயிகள் பட்ட பாடு நினைவிருக்கும். மண் ஒரே நாளில் மாறாது. ஆகவே இருப்பதை எல்லாம் உடனே விட்டுவிடச் சொல்லவில்லை.

இந்தப் போகத்தில் ஒரு நாற்று மேடையில் மட்டும் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் வழக்கம்போல இன்னொரு மேடையும் போடுங்கள். இரண்டிலும் எத்தனை நாற்று சாய்ந்தது, எத்தனை தேறியது என்று எண்ணி, பிள்ளைகளிடம் சொல்லிக் கொப்பியில் எழுதி வையுங்கள். நல்லது என்று கண்டால் அடுத்த மேடைக்கும் போடலாம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கூடை எரு கொடுக்கலாம்.