போர்க்காலப் படைவீரர் உருவப்படம்

போர்க்காலப் படைவீரர் உருவப்படம் என்பது, படையில் சேர்ந்த ஒருவர் சீருடையுடன் ஒளிப்பட நிலையத்தில் எடுத்துக்கொண்டு வீட்டாருக்கு அனுப்பிய படத்தைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரில் (1939–1945) பிரித்தானிய இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் பணியாற்றினர். அவர்களுள் தமிழர் பலர். படத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் மறைந்துவிட்டால், படத்திலுள்ள தடயங்களைக் கொண்டே ஆளையும் காலத்தையும் கண்டறிய வேண்டியுள்ளது.

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்தில் அங்கு 15 படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலசாலையையும் அதன் பணியாளர்களையும் எழுத்தில் பதிந்துள்ளது. அதனோடு ஒப்பிட, 80 ஆண்டுகளுக்கு முந்தைய ஒளிப்படம் பெரும்பாலும் ஊமையே.

சீருடை

முதலில் பார்க்க வேண்டியவை தோளும் கையும் ஆகும். சட்டைக்கையில் உள்ள 'வி' வடிவப் பட்டைகள் ஒன்றாயின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் அவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் இருப்பின் ஜமேதார், இரண்டு இருப்பின் சுபேதார். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவினரை அவர்களது விளிம்பற்ற உயரமான தலையணியைக் கொண்டு அறியலாம். இப்பிரிவின் தலைமையிடம் பெங்களூர் என்பதால், அட்டையில் உள்ள பெங்களூர் நிலைய முத்திரையும் ஒரு துணைச் சான்றே. ஆனால் நிறத்தை நம்பலாகாது. கருப்பு வெள்ளைப் படத்தின் மீது பின்னர் வண்ணம் தீட்டுவது அக்கால வழக்கம். தீட்டியவர் சீருடையைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பதக்க நாடாக்கள் இடமார்பில் அணியப்படுவன. அவை வலப்புறம் தெரிந்தால் படம் இடவலமாக மாற்றி அச்சிடப்பட்டதா என முதலில் ஐயுற வேண்டும்.

காலத்தைக் கணித்தல்

நாடாக்களே சிறந்த நாட்காட்டி. ஆப்பிரிக்க நட்சத்திரம் 1943இல் நிறுவப்பட்டது. இத்தாலிய நட்சத்திரமும் பர்மா நட்சத்திரமும் 1945இல்தான் நிறுவப்பட்டன. எனவே இத்தாலிய நட்சத்திர நாடா தெரியும் படம் 1945க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. நாடா இல்லை என்பதால் மட்டும் படம் முற்பட்டது என்று முடிவு செய்துவிட முடியாது, அணியாமலும் எடுத்திருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டம் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனைக் கூறலாம். 1944 பெப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது பாய்ந்து உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் இவரே. அவ்விருது இறப்புக்குப் பின் வழங்கப்பட்டதாகும். ஆகவே ஜார்ஜ் சிலுவையோ இத்தாலிய நட்சத்திரமோ அணிந்த ஒருவரின் படத்துக்கு இவர் பெயரை இடுவது பிழையாகும்.

பெயர் சேர்த்தல்

தவறான பெயருடன் ஒரு படம் பரவினால் இரு குடும்பங்கள் தம் முன்னோரை இழக்கின்றன: ஒன்று முகத்தை, மற்றொன்று பெயரை. முக ஒற்றுமை மட்டும் போதாது; அண்ணன் தம்பி இருவரும் படையில் இருந்த வீடுகள் உண்டு. போரில் இறந்தவர்களின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயிருடன் திரும்பியோர் அப்பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அவர்களுக்கு வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் படைவிடுப்புச் சான்றும் ஓய்வூதியத் தாள்களுமே சான்றாகும்.