கணக்குப்பிள்ளைக்குத் தந்த மரியாதை கம்ப்யூட்டர் தம்பிக்கு உண்டா?



நம் தகப்பனார் காலத்தில் ஒரு மண்டிக்கு இரண்டு பேர் முக்கியம். ஒருவர் முதலாளி, மற்றவர் கணக்குப்பிள்ளை. முதலாளி கொள்முதலுக்காக வெளியூர் போனாலும் கடை நடக்கும். கணக்குப்பிள்ளை நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் பற்று வரவு அப்படியே நின்றுபோகும். அதனால் பேரேடு எந்தப் பெட்டியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் முதலாளிக்கு அத்துப்படி. தீபாவளிக்கு முதல் வேட்டியும் கணக்குப்பிள்ளைக்குத்தான்.

இன்று அந்தப் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், பில் போடும் மேஜையில் இரண்டு, கிட்டங்கியில் ஒன்று, மாடியில் எல்லாவற்றுக்கும் தாயாக ஒரு சர்வர். நடுத்தரமான ஒரு மொத்த வியாபாரக் கடையில்கூட இன்று இவ்வளவும் இருக்கிறது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதே இது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் பதிவு பெற்ற வணிகருக்கு வரிக்குரிய சரக்கு விற்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டே ஆக வேண்டும். ஆக, நெட்வொர்க் நின்றால் பில் நிற்கிறது. பில் நின்றால் வாசலில் லாரி நிற்கிறது.

இத்தனையையும் கட்டிக் காக்கும் ஆளை நாம் எப்படி நடத்துகிறோம்? இதைப் பற்றி எழுத எங்களுக்கு ஒரு தகுதி உண்டு. நாங்களே தவறு செய்து பட்டவர்கள்.

நாங்கள் பட்ட பாடு

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாங்கள் அண்ணன் தம்பி இருவர் எண்ணெய், மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதக் கடைசியில் மதிய நேரம் கரண்ட் போய் வந்து மறுபடி போனது. யு.பி.எஸ். தாங்கவில்லை. அதன் பேட்டரி செத்து மாதக் கணக்காகியிருந்தது. சர்வர் மீண்டும் எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். இருந்தது உண்மைதான், ஆனால் அதே டிஸ்கின் இன்னொரு பகுதியில் இருந்தது. ஒரே வீட்டை நடுவில் தட்டி வைத்து இரண்டு அறையாக்கிய மாதிரி. கூரை இடிந்தால் இரண்டு அறையும்தானே போகும்!

வெளியில் எங்களுக்கு இருந்த ஒரே நகல், ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்த பென் டிரைவ். அதில் முந்தைய மார்ச் வரைக்குமான கணக்குதான் இருந்தது. நடப்பு ஆண்டு முழுவதும் போயிற்று.

விற்பனையை ஜி.எஸ்.டி. தளத்தில் தாக்கல் செய்ததிலிருந்து ஒருவாறு எடுத்துவிட்டோம். சரக்கு கொடுத்தவர்கள் காட்டிய கணக்கிலிருந்து கொள்முதலும் கிடைத்தது. செக், ஆன்லைன் வரவுகளுக்குப் பேங்க் ஸ்டேட்மெண்ட் உதவியது. ஆனால் லைனுக்குப் போன சேல்ஸ்மேன் எந்தக் கடையில் எவ்வளவு ரொக்கம் வசூலித்தார், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தோம், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதை எந்த அரசாங்கத் தளமும் நமக்காக எழுதி வைப்பதில்லை. இதை ஒவ்வொரு வணிகரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நாம் விற்ற கணக்குதான் அங்கே இருக்கும். நமக்கு வர வேண்டிய பாக்கிக் கணக்கு நம்மிடம் மட்டுமே இருக்கிறது.

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு, மீதிக்கு ஒவ்வொரு கடையாகப் போன் செய்து, "உங்கள் நோட்டில் எங்களுக்கு என்ன பாக்கி இருக்கிறது?" என்று கேட்டோம். கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவனிடம் கணக்குக் கேட்கும் நிலை எதிரிக்கும் வரக்கூடாது. பெரும்பாலோர் நாணயமாகச் சொன்னார்கள். கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே பாக்கி சொல்லி, அடுத்த வாரமே பணத்தையும் கட்டினார். ஒரு சிலர் "எல்லாம் கொடுத்தாச்சே" என்றார்கள். மறுத்துப் பேச எங்களிடம் ஒரு தாள் இல்லை.

அன்று எங்கள் கம்ப்யூட்டர் தம்பி தொடர்ந்து மூன்று இரவு கடையிலேயே கிடந்தார். முதல் நாளே நாங்கள் கடைப் பையன்கள் முன்னால் அவரைப் பார்த்து, "உனக்கு எதுக்கய்யா மாசா மாசம் சம்பளம்?" என்று கேட்டுவிட்டோம். அவர் பதில் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து பில் ஃபைலைப் புரட்டும்போது அவர் கொடுத்திருந்த கொட்டேஷன் ஒன்று கண்ணில் பட்டது. தனியாக ஒரு வெளி டிஸ்க், யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். அதன் மூலையில் எங்கள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: "பிறகு பார்க்கலாம்."

அந்தத் தாள் இன்றும் எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

தம்பியின் மனக்குறைகள்

இந்தக் கட்டுரைக்காக அவரை உட்கார வைத்து, மனம் விட்டுப் பேசச் சொன்னோம். எங்கள் கடையோடு இன்னும் எட்டுக் கடைகளை அவர் பார்த்துக்கொள்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, எல்லாம் ஒழுங்கா ஓடினா 'இவன் சும்மாதானே இருக்கான், இவனுக்கு எதுக்குச் சம்பளம்'னு கேக்கிறாங்க. நின்னுபோனா 'இவன் இருந்தும் நின்னுபோச்சே, இவனுக்கு எதுக்குச் சம்பளம்'னு கேக்கிறாங்க. இரண்டு பக்கமும் அதே கேள்விதான்" என்று சிரித்தார்.

பிளக் உள்ள பொருள் எல்லாம் அவர் தலையில்தான் விழுகிறதாம். எலக்ட்ரானிக் தராசு, சி.சி.டி.வி. கேமரா, முதலாளி வீட்டு டி.வி., மாப்பிள்ளையின் செல்போன் என்று ஒன்று பாக்கியில்லை. கூப்பிட்டு நிறுத்திவிட்டு, "பில் மெதுவாக வருகிறதே, ஏன் வந்து பார்க்கவில்லை?" என்றும் கேட்கிறார்கள்.

அவர் அதிகம் கேட்கும் வாசகம், "நாங்க ஒண்ணும் பண்ணலை, தானா நின்னுடுச்சு" என்பதுதான். ஒரு கடையில் நடந்ததைச் சொன்னார். காலை பத்தரை மணிக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார். கடைசியில் பார்த்தால், பெருக்க வந்த பையன், ஸ்விட்சிலிருந்து கேபிள் ஒன்று தொங்குகிறதே என்று அதன் மறுமுனையையும் அதே ஸ்விட்சில் காலியாக இருந்த துளையில் நல்லெண்ணத்தோடு சொருகியிருக்கிறான். ஸ்விட்ச் வெளியே அனுப்பிய செய்தி இன்னொரு துளை வழியாக அதற்குள்ளேயே திரும்பி வர, அதை அது மறுபடி எல்லாத் துளைக்கும் அனுப்ப, இப்படியே சுற்றிச் சுற்றி வழி முழுவதும் அடைத்துக்கொண்டது. வேறு எந்தக் கம்ப்யூட்டரும் பேச இடமில்லை. விலை கூடிய ஸ்விட்சுகளில் இதைத் தடுக்கும் வசதி உண்டு. நாம்தான் விலை குறைந்ததைக் கேட்டு வாங்குகிறோமே!

"பையன் மேல தப்பில்லை அண்ணாச்சி. அந்த நேரம் கேபிளைத் தொட்டதைச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. திட்டுவாங்கன்னு பயந்து சொல்லலை" என்றார்.

அடுத்தது தூசி. வத்தல் மண்டியில் சர்வரைச் சுற்றி மூட்டை அடுக்கினால், காற்று போகும் துளையெல்லாம் மிளகாய்த் தூசி அடைத்து, ஃபேன் நின்று, சூட்டில் மெஷின் அணைந்துவிடுகிறது. அதைத் திறந்து துடைக்கும் அன்று முழுவதும் இவருக்குத் தும்மல்தான்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் அவர் குறைபட்டுக்கொள்வது முதலாளிமார்களைத்தான். "எல்லோருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லுவாங்க. 'எனக்கு மட்டும் வேண்டாம்ப்பா, மறந்து போகும்'னுவாங்க. எல்லாக் கதவையும் திறக்கிற சாவி அவங்ககிட்டதான் இருக்கு, அதுக்குத்தான் பூட்டு இல்லை." வேலையை விட்டு நின்ற பில் கிளார்க்கின் பாஸ்வேர்டை மாற்றாத கடைகளும் உண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் தேவை. அந்த ஓ.டி.பி. யாருடைய செல்போனுக்குப் போகிறது என்று தெரியாத முதலாளி, லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு பழைய கிளார்க்கைத் தேட வேண்டியதுதான்.

"அப்டேட் செய்ய அரை மணி நேரம் கொடுங்க" என்றால் "நாளைக்கு" என்கிறோம். இந்த 'நாளைக்கு'வின் விலை என்ன என்பதற்கு அவர் ஓர் உதாரணம் சொன்னார். 2017 மே 12-ஆம் தேதி 'வன்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு என்று கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போட இரண்டு மாத அவகாசம் இருந்தும் "நாளைக்கு" என்றவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நம் உறுப்பினர்கள் நினைவில் கொள்வது நல்லது.

அவர்கள் பக்கமும் குறை உண்டு

நியாயம் பேசும்போது இருபக்கமும் பேச வேண்டும். நம் வணிகர்களுக்கும் மனக்குறைகள் இருக்கின்றன. நமக்குப் புரியாத பாஷையில் பேசுகிறார்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று எழுதி வைப்பதில்லை. எல்லா பாஸ்வேர்டும் அவர்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. ஒருநாள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் நாம் நடுத்தெருவில் நிற்கிறோம்.

இதை அவரிடமே கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "எழுதி வைக்காதது எங்க தப்புதான் அண்ணாச்சி. அந்தக் கொட்டேஷனைக்கூட மேஜையில வச்சுட்டுப் போயிட்டேன். ஒரே டிஸ்க்ல இருக்கு, போனா பாக்கிக் கணக்கு மொத்தமும் போகும்னு உங்களுக்குப் புரியிற மாதிரி உக்காந்து சொல்லியிருக்கணும்" என்றார்.

எங்களுக்குத் தலை குனிந்தது. எங்கள் தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொள்கிறாரே!

இனி செய்ய வேண்டியவை

எங்கள் அனுபவத்தில் நாங்கள் கடைப்பிடிப்பவற்றை இங்கே தருகிறோம்.

ஒன்று: கணக்குக்கு மூன்று பிரதி இருக்க வேண்டும். சர்வரில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, கடைக்கு வெளியே ஒன்று. வெளி டிஸ்க் எப்போதும் சர்வரில் மாட்டியே இருக்கக் கூடாது. வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இரண்டு: பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு கடையின் பாக்கியைப் பார்க்க வேண்டும். தராசுக்கு முத்திரை வைக்காமல் எடை போடுவோமா? இதுவும் அப்படித்தான்.

மூன்று: ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் அதில் உள்ளவற்றை எடுத்து வையுங்கள்.

நான்கு: எல்லா பாஸ்வேர்டும், கேபிள் வரைபடமும் ஓர் உறையில் ஒட்டப்பட்டு நம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கட்டும். யார் வேலையை விட்டு நின்றாலும் அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.

ஐந்து: யு.பி.எஸ். பேட்டரி வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஆறு: ஆன்லைன் மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைக் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

ஏழு: மாதத்தில் ஒருநாள், பத்து நிமிடம், கம்ப்யூட்டர் தம்பியை உட்கார வைத்து, "என்ன கவலை இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் கேட்பதையெல்லாம் வாங்கித் தர வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் என்ன நஷ்டம் வரும் என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்வோம்.

அமெரிக்காவில் இத்தொழிலில் இருந்த டெட் கெகாட்டோஸ் என்பவர் 2000-ஆம் ஆண்டில், ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமையைக் கம்ப்யூட்டர் நிர்வாகிகளுக்கு நன்றி சொல்லும் நாளாகத் தொடங்கி வைத்தார். நமக்குத் தனியாக ஒரு நாள் தேவையில்லை. ஆயுத பூஜை இருக்கிறது. அன்று தராசு, கல்லா, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதை ஓட வைக்கும் ஆளுக்குப் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

போன ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் முதல் வேட்டி அவருக்குக் கொடுத்தோம். கடைப் பையன்கள் எல்லோரும் இருக்கும்போதே கொடுத்தோம். திட்டியது அவர்கள் முன்னால்தானே!