அன்றைய ஸ்போர்ட்ஸ் கார், இன்றைய சின்னக் கார்

டில்லியில் 1964-ஆம் ஆண்டு ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை ஒரு விழாவைத் தொடங்கியது. அது பழைய கார்களின் ஊர்வலம். பிறகு வேறு நகரங்களிலும் இப்படி ஊர்வலங்கள் நடந்தன. பளபளக்கும் கார்களைப் பார்க்கக் கூட்டம் கூடும். "அந்தக் காலத்து இரும்பு! இப்போது வருவது தகர டப்பா" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார். அது சரிதானா?

இரண்டு கார்களைப் பார்ப்போம்.

ஒன்று எம்.ஜி.பி. இது இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். 1962-இல் வந்தது. 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரும் தாழ்வான வண்டி. கூரை துணியால் ஆனது. மழை வந்தால் கூரையைக் கையால் இழுத்து மாட்ட வேண்டும். பார்க்க அழகு என்பதில் சந்தேகமே இல்லை.

மற்றது மாருதி ஸ்விப்ட். 2024-இல் வந்த வகை. ஐந்து பேர் போகலாம்.

எம்.ஜி.பி.யின் என்ஜின் 1.8 லிட்டர். 95 குதிரைசக்தி கொண்டது. ஸ்விப்டின் என்ஜின் 1.2 லிட்டர்தான். சுமார் 80 குதிரைசக்தி. ஆனாலும் இரண்டுமே மணிக்கு 160 கி.மீ. வேகத்தைத் தொடும். அன்று வேகத்துக்காகவே வாங்கிய காருக்கு இன்று காய்கறி வாங்கப் போகும் கார் சளைத்ததல்ல! பெட்ரோல் செலவோ பாதிக்கும் குறைவு.

சரி, மோதினால் என்ன ஆகும்? கட்டியான இரும்பு நல்லது என்று தோன்றும். ஆனால் கார் நசுங்காவிட்டால், மோதிய வேகம் உள்ளே இருப்பவர் உடம்பில் இறங்கும். அதனால் இன்றைய காரின் முன்பகுதியை நசுங்கும்படியே செய்கிறார்கள். அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஆட்கள் உட்காரும் இடம் மட்டும் உறுதியாக இருக்கும்.

1962-இல் எம்.ஜி.பி.யில் ஏர்பேக் இல்லை. சீட் பெல்ட் வைக்க வேண்டும் என்ற சட்டமும் அன்று பிரிட்டனில் இல்லை. ஸ்விப்டில் ஆறு ஏர்பேக்குகள் உண்டு. மோதியதும், கண் இமைக்கும் முன் காற்றுப் பை விரியும். அவ்வளவு வேகமாக விரிவதால், சீட் பெல்ட் போடாதவரை அந்தப் பையே காயப்படுத்தலாம். பெல்ட் உடம்பைப் பிடித்தால்தான் பை காப்பாற்றும். பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

'தகர டப்பா' என்ற பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. இந்தியாவில் புதிய கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயம் ஆனது 2017-இல்தான். அதற்கு முன் விற்ற சின்னக் கார்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது.

ஒன்றில் மட்டும் பழைய கார் எளிது. அது ரிப்பேர். எம்.ஜி.பி.க்கு இரண்டு கார்புரேட்டர்கள். காதால் கேட்டே "மிஸ்ஸிங் இருக்கு" என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். ஸ்பேனரும் திருப்புளியும் போதும். புதிய காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் திரையில் எழுத்தும் எண்ணும் வரும். 'பி 0302' என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். இதைப் படிக்கத் தெரியாவிட்டால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வண்டி வேறு பட்டறைக்குப் போய்விடும். படித்த பிறகும் வேலை முடியாது. பிளக் கெட்டதா, காயில் கெட்டதா என்று மெக்கானிக்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.