சலங்கைப் பைக்கு யார் பொறுப்பு?

மார்கழி பிறந்துவிட்டால் செங்கல்பட்டு – சென்னைக் கடற்கரை மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஒரு காட்சி தவறாது. சவுரி வைத்துப் பின்னிய சடையோடு ஒரு சிறுமி, பக்கத்தில் அம்மா, மடியிலும் காலடியிலும் மேல்தட்டிலுமாக நான்கு பைகள். மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்கு வரும் குழுக்களும் கிட்டத்தட்ட இதே கோலத்தில்தான் பேருந்தில் இருந்து இறங்குகின்றன. நான்கில் ஒன்று தொலைந்தால் யார் பொறுப்பு? ரயில்வே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவு வேறு மாதிரிச் சொல்கிறது. புக் செய்து ரசீது வாங்கிய சாமானுக்குத்தான் ரயில்வே பொறுப்பு. கையோடு கொண்டுபோகும் பை தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவால்தான் தொலைந்தது என்று நிரூபிக்கும் சுமை பயணியின் தலையில் விழுகிறது. இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த ஒருவருக்கு நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு தரச் சொல்லியிருந்தன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் உடைமையைத் தானே காக்க முடியாதவர் ரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2004இல் இதே நீதிமன்றம் ஒரு பயணிக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அங்கே முன்பதிவுப் பெட்டிக்குள் உரிமையில்லாதவர்கள் புகுந்து நகையைப் பறித்தார்கள். அவர்களை உள்ளே விட்டது சேவைக் குறைபாடு ஆயிற்று. மின்சார ரயிலில் முன்பதிவே கிடையாது. அந்த வாதம் நமக்கு உதவாது.

ஆகவே நாட்டியப் பையின் எடையைக் குறைப்பது முதுகுக்காக மட்டுமல்ல. கண்ணும் கையும் எட்டாத பைக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. ஆளுக்கு ஒரு பை, அதுவும் தோளிலேயே இருக்கும் அளவில் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை ஒழியும்.

எவ்வளவு எடை தாங்கலாம்? 2020இன் பள்ளிப் பைக் கொள்கை, குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது. நாட்டியப் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேறு நல்ல அளவுகோல் இல்லை. 30 கிலோ சிறுமிக்கு 3 கிலோ. அதில் சலங்கையே பெரும்பங்கைத் தின்றுவிடும். அதைத் துணிப்பையில் தனியாகச் சுற்றி, முதுகை ஒட்டியபடி அடியில் வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். தைத்த உடையின் விசிறி மடிப்பை நூலால் கட்டி, பருத்தித் துண்டில் சுருட்டினால் இடமும் மிச்சம், கசங்கலும் குறைவு. ஊக்கு, கொண்டை ஊசி, கறுப்பு நூல் எல்லாம் ஒரே சின்ன டப்பாவில். மேக்கப்பில் முழு டப்பாக்கள் எதற்கு? இன்றைக்குப் பூசும் அளவு போதும். இரண்டாவது உடை இல்லாத நாளில் இரண்டாவது நகை செட்டைத் தூக்கி வருவது வெறும் பழக்கம்.

நகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் அசல் டெம்பிள் செட் வெள்ளியில் தங்க ரேக் ஒட்டி, கெம்புக் கல் பதித்தது. புவிசார் குறியீடு பெற்றது. அதற்கும் கடையில் வாங்கும் சாதாரண செட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். தொலைந்த பிறகு எது தொலைந்தது என்று சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம், உடை என்று எல்லாமாகச் சேர்ந்து பல ஆயிரம் போகும் பையை, "ஏதோ டான்ஸ் சாமான் சார்" என்று சொல்லி எழுதிக்கொடுத்தால் அது இந்த வரம்புக்குள் சுருங்கிவிடும். கிளம்பும் முன் கட்டிலில் பரப்பி ஒரு போட்டோ, பில்களை ஒரு போட்டோ. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

திருட்டு நடந்தது ரயிலில் என்றால் 139, மற்ற இடங்களில் 112. எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்று தேடி அலைய வேண்டாம். எங்கு கொடுத்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும் என்பது அந்தப் புதிய சட்டங்களில் ஒன்றான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. இணையவழியிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவர் இருக்கிறார். ஆட்டோவில் மறந்து வைத்த பையைக் கண்டெடுத்தவர், உரியவரைத் தேடாமல் தனதாக்கிக்கொண்டால் அதுவும் குற்றமே.

கடைகளிலும் கவனம் வேண்டும். மை, கண் பென்சில், அல்தா, பேன்கேக் எதுவாக இருந்தாலும் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன 2020இன் அழகுசாதனப் பொருள் விதிகள். நிறத்துக்காக ஈயமோ ஆர்சனிக்கோ கலந்த பொருளுக்குத் தடை உண்டு. பெயரில்லாத பாட்டிலை "எல்லா டான்சரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று நீட்டினால் கையை நீட்டாதீர்கள். கடல் காற்றும் வியர்வையும் சேரும் மேடையில் அது மணிக்கணக்கில் முகத்தில் இருக்கப் போகிறது.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 29 அன்று கொச்சி கலூர் மைதானத்தில் கின்னஸ் சாதனைக்காகப் பன்னிரண்டாயிரம் பேர் வரை பரதநாட்டியம் ஆடினார்கள். வசூலித்த பதிவுக் கட்டணம், உடைக்கு வாங்கிய விலை குறித்துப் பிறகு புகார்கள் கிளம்பி வழக்கு வரை போனது. "சேலையை எங்களிடம்தான் வாங்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், விலையை எழுத்தில் கேளுங்கள்.

உடை மாற்றும் இடம் பையைவிட முக்கியம். திறந்தவெளி மேடைகளில் துணித் தடுப்புதான் பெரும்பாலும் அறை. தட்டியில் ஓட்டை, செருகி வைத்த கைபேசி, அறிமுகமில்லாத 'உதவியாளர்' எதையும் சங்கோஜப்பட்டு விட்டுவிடாதீர்கள். உடை மாற்றும் பெண்ணை ஒளிந்து பார்த்தாலோ படம் எடுத்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் கீழ் முதல் தடவையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் ஆணோ பெண்ணோ, போக்சோவும் சேரும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181.

வாடகை நகை, வாடகை உடையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வாங்கும்போதே எந்தக் கல் உதிர்ந்திருக்கிறது, எந்தக் கொக்கி வளைந்திருக்கிறது என்று கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்துவிடுங்கள். வாடகைக்கு விடுவதும் சேவைதான். பழைய சேதத்துக்கு முன்பணத்தைப் பிடித்துக்கொள்வது குறைபாடு. பில் தர மறுப்பதும், குறையுள்ள உடையைத் திரும்ப வாங்க மாட்டேன் என்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். பில்லில் காலவரம்பு போடவில்லை என்றால் முப்பது நாள் அவகாசம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற முத்திரையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. பில் இல்லாதவர்களுக்கு ஒன்று: ஜிபேயில் பணம் போன பதிவும், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் சான்றுதான். போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.